மார்கழியில் குதிரைக்குட்டி: குடற்புழுவும் பனிக்கால வேலைகளும்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குட்டி வாங்கி வந்தவர்களிடமிருந்து, கார்த்திகை பிறந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். எல்லோரும் சொல்வது ஒன்றேதான். "அண்ணா, நல்லாத்தான் தின்னுது. ஆனா வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கு, முதுகெலும்பு தெரியுது. முடி வேற சிலுத்துக்கிட்டு நிக்குது." வாங்கும்போது நான்கைந்து மாதக் குட்டி. கார்த்திகையில் அதற்கு எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். அந்த வயதும் இந்தப் பருவமும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குடற்புழுவைத்தான்.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாலு மாடு, இரண்டு குதிரையோடு ராகி பயிரிடுகிறவன். மருத்துவன் அல்ல. ஐந்து குட்டிகளை வளர்த்ததில் கற்றதையும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே மாத வரிசையில் எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் நாட்காட்டியை மாற்றுங்கள்

குதிரை வளர்ப்பு பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி பனி கொட்டும் நாடுகளில் எழுதப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலம் உறைந்துவிடும், புழுவின் வளர்ச்சியும் நின்றுவிடும். அதனால் "குளிர்காலத்தில் பூச்சி மருந்து தேவையில்லை, வசந்தத்தில் ஆரம்பியுங்கள்" என்று அங்கே சொல்வது சரி. அதை அப்படியே ஓசூருக்கும் தளிக்கும் கொண்டுவந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

லத்தியோடு வெளியேறும் முட்டை பொரிந்து, குட்டியின் வாய்க்குள் போகத் தயாரான இளம்புழுவாக வளர ஈரமும் மிதமான சூடும் வேண்டும். நம் ஊரில் ஐப்பசி மழையும், மார்கழிப் பனியும், பகலில் இருபத்தைந்து டிகிரியை ஒட்டிய இதமான வெயிலும் அதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். ஈரப்பதம் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை இளம்புழுவாகிவிடும். பனி படர்ந்த புல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, குளிர்ந்த நாட்களில் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் அதே புழு சில வாரங்களில் காய்ந்து சாகும். நமக்குப் புழுவைக் கொல்வது கோடைதான். பனிக்காலம் அதற்கு அறுவடைக்காலம்.

வெள்ளைக்காரர் காலத்தில் ஓசூர் மத்திகிரிப் பண்ணையில் படைக்குதிரைகளை வைத்திருந்தார்கள். இந்த மேட்டுநிலக் குளிர் குதிரைக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவர்கள் கணக்குப் போட்டதில் தப்பில்லை. புழுவுக்கும் அது ஒத்துக்கொள்ளும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

புரட்டாசி: மழைக்கு முன் லாயம்

தரையை வெளித்தரையைவிட அரை அடியாவது உயர்த்துங்கள். கூரைத் தண்ணீர் உள்ளே தெறிக்காமல் வாய்க்கால் வெட்டி விடுங்கள். மேற்குப் பக்கமோ வடகிழக்குப் பக்கமோ சாரல் அடிக்கிற பக்கத்துக்கு மட்டும் படுதா போதும். நான்கு பக்கமும் மூடிக் கட்டினால் மூத்திர வாடை உள்ளேயே தங்கி, குட்டிக்கு இருமல் வரும். அப்புறம் அது புழுவால் வந்த இருமலா, வாடையால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிக்க வேண்டும்.

படுக்கைக்கு வைக்கோல் அல்லது மரத்தூள். ராகித்தாளைப் படுக்கையாகப் போட்டால் குட்டி அதைத் தின்றுவிடும், லத்தி பட்டதையும் சேர்த்து. தாளைத் தொட்டியில் போடுங்கள், தரையில் வேண்டாம்.

தினமும்: லத்தி அள்ளுவது

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதை ஆளிடம் விட்டுவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், வண்டிக்குதிரை வைத்திருந்தவர், என்னிடம் சொன்னது இது: "தம்பி, குட்டி வாயையே பார்த்துக்கிட்டு நிக்காத. பின்னாடி போய்ப் பாரு."

லாயத்தில் தினமும் இரண்டு வேளை, மேய்கிற இடத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது அள்ளிவிட வேண்டும். முட்டை இளம்புழுவாக ஒரு வாரமாவது ஆகும் என்பதால், வாரம் இரண்டு முறை அள்ளினாலே புல்லுக்குப் புழு ஏறும் பாதை பெரும்பாலும் அடைபட்டுவிடும். எந்த மருந்தும் இவ்வளவு மலிவாக இவ்வளவு வேலை செய்யாது.

அள்ளியதை மேய்ச்சல் நிலத்தில் பச்சையாக இறைக்காதீர்கள். ஓரமாகக் குவித்து, லேசாக ஈரம் காட்டி மூடி வையுங்கள். சில நாளில் நடுவில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டில் இளம்புழு செத்துவிடும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி வாரம் ஒரு முறை புரட்டிவிடுங்கள். நன்றாக மக்கியதை மாந்தோப்புக்கோ ரோஜாவுக்கோ போடலாம். எங்கள் பக்கம் பூ பயிரிடுகிறவர்கள் தேடி வந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

ஒரே ஒரு புழுவுக்கு மட்டும் இந்த வழி முழுதாகப் பலிக்காது. குட்டிகளைப் பிடிக்கிற பெரிய உருண்டைப்புழு, பென்சில் கனத்தில் ஒரு சாணுக்கு மேல் வளரும் வெள்ளைப்புழு, அதன் முட்டைக்குத் தடித்த ஓடு. மண்ணிலும் சுவரிலும் தொட்டியிலும் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். போன வருடக் குட்டி விட்டுப்போன முட்டையை இந்த வருடக் குட்டி நக்கி எடுத்துக்கொள்ளும். அதனால் தொட்டியையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். வெறும் பினாயில் அந்த ஓட்டைத் துளைக்காது.

லத்தி அள்ளுகிறவர்கள் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். குதிரை லத்தியிலும் லாய மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். உங்களுக்கும் ஊசி வேண்டும், குட்டிக்கும் வேண்டும். குட்டிக்கு நான்கிலிருந்து ஆறு மாத வயதில் ஆரம்பித்து, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து அடுத்த தவணை.

இன்னொரு விஷயம். பிறந்து சில வாரமே ஆன குட்டி தாயின் லத்தியைத் தின்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். அது இயல்பு, குடலுக்கு வேண்டிய நல்ல கிருமிகளை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. அதேபோல ஒரு வார வயதை ஒட்டிச் சில நாள் கழிச்சல் வரும். குட்டி சுறுசுறுப்பாகப் பால் குடித்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். பால் குடிப்பதை நிறுத்தினால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

ஐப்பசி: லத்திப் பரிசோதனை

மருந்து வாங்கும் முன் லத்தியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். அப்போதுதான் போட்ட லத்தியில் இரண்டு மூன்று உருண்டையை எடுத்து, காற்று போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, குட்டியின் பெயர், வயது, கடைசியாக மருந்து கொடுத்த தேதி எழுதி, அன்றைக்கே கொண்டுபோங்கள். முடியாவிட்டால் குளிரில் வைத்து மறுநாள் காலை. வெயிலில் டிக்கியில் கிடந்தால் முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை தப்பாகும். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் உங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள். ஒரு கிராம் லத்தியில் எத்தனை முட்டை என்று எண்ணித் தரச் சொல்லுங்கள். "புழு இருக்கிறது" என்ற ஒற்றை வரி மட்டும் நமக்குப் போதாது.

வளர்ந்த குதிரையில் இந்த எண்ணிக்கையை வைத்து மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குட்டிக்கு எப்படியும் மருந்து உண்டு. இங்கே பரிசோதனை வேறு எதற்கு என்றால், எந்தப் புழு என்று தெரிவதற்கு. நான்கைந்து மாதம் வரை பெரும்பாலும் உருண்டைப்புழு ஆட்சி. ஏழெட்டு மாதத்துக்கு மேல் புல்லிலிருந்து ஏறும் நுண்புழுக்களின் ஆட்சி. இரண்டுக்கும் ஒரே மருந்து சரிப்படாது. உருண்டைப்புழு பல நாடுகளில் ஐவர்மெக்டினுக்கு அசைந்து கொடுப்பதில்லை. நுண்புழு ஃபென்பெண்டசோலுக்கு அசைந்து கொடுப்பதில்லை. கடையில் எது இருக்கிறதோ அதைக் கொடுத்தால் பாதிப் புழு சிரித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும்.

மருந்து கொடுப்பது

பொதுவாகக் குதிரை மருத்துவர்கள் சொல்லும் வரிசை இது. முதல் மருந்து இரண்டிலிருந்து மூன்று மாத வயதில், ஃபென்பெண்டசோல் வகை. இரண்டாவது நான்கிலிருந்து ஆறு மாதத்தில், பால் மறக்கடிக்கும் சமயத்தில், லத்திப் பரிசோதனையைப் பார்த்து. மூன்றாவதும் நான்காவதும் ஒன்பது மாதத்தையும் ஒரு வயதையும் ஒட்டி, நுண்புழுவைக் குறிவைத்து. ஏதோ ஒன்றில் நாடாப்புழுவுக்கான மருந்தும் சேரும். சந்தையில் வாங்கிய குட்டிக்கு இதில் எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. "எல்லாம் குடுத்தாச்சுங்க" என்று விற்றவர் சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எடை தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். மார்பளவை மார்பளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். மார்பு 130, நீளம் 120 என்றால் சுமார் 170 கிலோ. இது வளர்ந்த குதிரைக்கான கணக்கு, குட்டிக்குக் கொஞ்சம் குறைத்தே காட்டும். குறைந்த அளவில் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ஆகவே 180, 190 என்று வைத்துக்கொள்ளலாம். குட்டியை டெம்போவில் ஏற்றி லாரி எடைமேடையில் நிறுத்திப் பார்த்தவர்களும் உண்டு. நானும் செய்தேன். அது இருபது கிலோ படிகளில் காட்டியது, டேப்பே தேவலை.

குட்டிக்கு ஃபென்பெண்டசோல் வழக்கமாகக் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 180 கிலோவுக்கு 1,800 மில்லிகிராம். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், குதிரைக்கான பசையாக, வாய் வழியாக. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள், போட்ட இடம் வீங்கிச் சீழ்ப்பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாட்டுக்கடையில் கிடைக்கும் லெவமிசோலும் வேண்டாம். குதிரைக்கு நோய் தீர்க்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு.

இப்போது நான் செய்த தப்பு. என் முதல் குட்டிக்கும் இதே பானை வயிறுதான். பரிசோதனை எல்லாம் எதற்கு என்று முழு அளவு ஐவர்மெக்டின் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி குட்டி வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, காலால் மண்ணைக் கீறியது, படுத்துப் புரண்டது. பெங்களூருப் பக்கமிருந்து குதிரை பார்க்கும் மருத்துவர் வந்து சேர விடியற்காலை ஆனது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வலி மருந்து கொடுத்து, எப்படியோ காப்பாற்றினார். மறுநாள் லத்தியில் இடியாப்பம் போலச் சுருண்டு சுருண்டு புழு. ஐவர்மெக்டினும் பைரன்டெலும் புழுவைச் சட்டென்று முடக்கிப்போடும். நிறைய இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துச் சிறுகுடலை அடைத்துவிடும். வயிறு பெருத்து மெலிந்த குட்டிக்கு மெதுவாக வேலை செய்யும் ஃபென்பெண்டசோலில் ஆரம்பிப்பது அதனால்தான். அதிலும் ஆபத்து அறவே இல்லை என்றில்லை. மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, விடிந்ததும் கொடுங்கள். சாயங்காலம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

கொடுக்கும் முறை: ஒரு வாரம் முன்பிருந்தே வெறும் சிரிஞ்சில் வெல்லத்தண்ணீர் கொடுத்துப் பழக்குங்கள். மருந்தன்று முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயில் தீவனம் இல்லை என்று பார்த்து, கடைவாய் ஓரத்தில் பல் இல்லாத இடைவெளி வழியாக நாக்கின் பின்பக்கம் அழுத்தி விடுங்கள். தாடையைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடியுங்கள். பாதியைத் துப்பிவிட்டால் பாதி மருந்துதான் கொடுத்திருக்கிறீர்கள். பதினான்காம் நாள் மறுபடி லத்தி எண்ணுங்கள். முட்டை பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறையாவிட்டால் அந்த மருந்து உங்கள் லாயத்தில் வேலைக்கு ஆகாது.

கார்த்திகை: உடம்பின் மேல் இருப்பவை

முன்னங்கால் முடியிலும் தோளிலும் மஞ்சள் புள்ளிகளாக ஒட்டியிருந்தால் அவை குதிரை ஈயின் முட்டைகள். குட்டி காலை நக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள், மிச்சத்தை மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள்.

காதுக்குள், வால் அடியில், தொடை இடுக்கில் உண்ணி தேடுவது மழைக்கால மாலை வேலை. மாடும் குதிரையும் ஒரே கொட்டகையில் இருக்கும் வீடுகளில் ஒரு எச்சரிக்கை: மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் குதிரை மேல் படக் கூடாது. குடல் இயக்கம் நின்று கடும் வயிற்றுவலி வரும். குதிரைக்கு ஏற்ற பெர்மெத்ரின் வகை மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் தெளியுங்கள். மாட்டுக்குத் தெளிக்கும்போது குதிரையை வெளியே கட்டிவிடுங்கள்.

மருந்து கொடுத்தும் குட்டி தேறவில்லை, நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது, விட்டு விட்டுக் காய்ச்சல், கால்களிலும் அடிவயிற்றிலும் நீர்வீக்கம். இப்படி என்றால் அது குடற்புழு அல்ல, கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற ரத்த நோயாக இருக்கலாம். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்து மூத்திரம் கறுத்துப் போனால் உண்ணிக் காய்ச்சல். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

வால் முடி உதிர்ந்தால் எல்லோரும் புழு என்பார்கள். வாலடியைச் சுவரில் தேய்த்து முடி முறிந்திருந்தால் சரி, ஊசிப்புழு இருக்கலாம். நீள முடி வேரோடு கழன்று வந்தால் வேலியைப் பாருங்கள், சூபாபுல் இலை தின்றிருக்கும். ஆட்டுக்கு நல்ல தீவனம், குதிரைக்கு முடியைக் கொட்டச் செய்யும்.

மார்கழி, தை: குளிர் வேலைகள்

பால் மறந்த, உலர்ந்த, வயிறு நிறைந்த குட்டிக்கு எங்கள் ஊர்க் குளிர் ஒன்றுமில்லை. 15 டிகிரிக்குக் கீழே போனாலும் சிலிர்த்த முடியே கம்பளி. சாக்கு போர்த்தினால் முடி அமுங்கி, உள்ளே ஈரம் நின்று, தோலில் பொருக்குப் பொருக்காகப் புண் வரும். நனைந்த குட்டியைத்தான் காப்பாற்ற வேண்டும். வைக்கோல் பிரியால் அழுத்தித் துடைத்து, காற்றுப்படாத இடத்தில் நிறுத்துங்கள். பிறந்து சில நாளே ஆன குட்டி மட்டும் விலக்கு, அதற்குச் சூடு வேண்டும்.

காலையில் மேய விடுவதைப் பனி காய்ந்தபின், ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் புல்லில்தான் புழு மேலேறி நிற்கும். குட்டிகளை மேய்த்த இடத்தில் அடுத்து மாடு மேய்ந்தால் நல்லது. குதிரைப் புழுவைப் பெரும்பாலும் மாட்டின் வயிறு முடித்துவிடும்.

குளிர்ந்த தண்ணீரைக் குட்டி குறைவாகக் குடிக்கும். குடிக்காமல் உலர்தீவனம் தின்றால் குடல் அடைக்கும். 100 கிலோவுக்கு 5 லிட்டராவது ஒரு நாளைக்கு உள்ளே போகிறதா என்று வாளியால் அளந்து பாருங்கள். விடிகாலை ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், தீவனத்தில் ஒரு கை உப்பில் பாதி.

தீவனத்தில் இங்கே நடக்கும் தப்பு, கோ-4 என்ற கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லும் தவிடும் மட்டும் போட்டு வளர்ப்பது. அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். வளரும் எலும்பு வீங்கிக் குட்டி நொண்டும். கொள்ளோடு கொஞ்சம் குதிரைமசால் சேருங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் அதை மாட்டுக்கு மட்டும் போடுகிறோம். மழையில் நனைந்து பூஞ்சை பூத்த நிலக்கடலைக் கொடியும், பச்சைச் சோளத்தட்டும், கோழித்தீவனமும் பக்கத்திலேயே வர வேண்டாம்.

குளம்பைத் தினமும் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். நாற்றமும் கறுப்புச் சேறும் இருந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது, படுக்கையை உலர்த்தினால் பாதி குணமாகும். லாடக்காரரை ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள். குட்டிக்கு லாடம் வேண்டாம், சீவிவிட்டால் போதும்.

குட்டி புரண்டாலோ, ஒரு நாள் லத்தி போடாவிட்டாலோ, காய்ச்சல் 102 டிகிரியைத் தாண்டினாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 1962, அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் எண். குதிரை பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரின் எண்ணையும் இப்போதே வாங்கி லாயக் கதவில் எழுதி வையுங்கள்.

பொங்கல் முடிந்து பனி விலகியதும் இன்னொரு முறை லத்தி எண்ணுங்கள். மாசிக்கு அப்புறம் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பாதியைக் காலி விட்டு, காய்ந்த லத்தியைக் கிளறிச் சிதறடித்துச் சித்திரை வெயிலுக்குக் காட்டுங்கள். மழைக்காலத்தில் இதைச் செய்தால் புழுவை நீங்களே விதைத்த மாதிரி. கோடை மழை முன்கூட்டி வந்துவிட்டால் அந்தப் பாதியில் மாட்டை விடுங்கள், குட்டி ஆடி வரை மறுபாதியிலேயே மேயட்டும்.